சிங்கக் கால் செற்றி

சுவிற்சர்லாந்தில், துன் நகரின் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு ஹோட்டலில் பிரபாலினி அறை துப்புரவாக்குகிறாள். ஹோட்டலுக்கு இரண்டு கட்டடங்கள். பழையதில் கட்டில் தலைமாட்டில் செதுக்கிய பூக்கள், திரைச்சீலையில் குஞ்சம், கதிரைக்குத் தரைவரை தொங்கும் பாவாடை. புதியதில் கட்டில், மேசை, கதிரை, சுவரில் ஒரு பலகை. பழைய கட்டடத்துக்குத்தான் வாடகை கூட. வருகிறவர்கள் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். பிரபாலினிக்கு அதற்குள் கால் வைக்கவே பிடிக்காது.

காரணம் கேட்டால் அடுக்குவாள். குஞ்சத்துக்குள் நகத்துண்டு. மரப்பூவின் இதழிடுக்கில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சுவிங்கம், அதன்மேல் இன்னொருவருடையது. பாவாடை கட்டிய கதிரையைத் தூக்கினால் காலுறை, பாதி தின்ற சொக்லேட், ஒருமுறை ஒரு பல்செற். வடிவுக்கென்று வைக்கிற ஒவ்வொரு மடிப்பும் ஊத்தைக்குக் கட்டிக் கொடுத்த வீடு என்பது அவள் முடிவு. எந்தச் சாமானைப் பார்த்தாலும் அவளுக்கு இரண்டு கேள்விகள்தான். ஈரத்துணி இதில் ஒரே இழுப்பில் போகுமா? குனிந்து பார்த்தால் கீழால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரியுமா?

அவளுடைய சொந்த வீட்டில் எந்தச் சாமானும் இந்தக் கேள்விகளுக்குத் தேறவில்லை. அவளோ கணவன் ராசாவோ அவற்றை வாங்கவும் இல்லை. அவை வந்து சேர்ந்தவை. சொந்தத்தில் யாராவது புது சோபா செற்றி எடுத்தால் பழையது வான் வண்டியில் ஏறி ராசாவின் வீட்டு வாசலில் வந்து இறங்கும். யாரும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வேண்டாம் என்பது மரியாதையில்லை. இப்படியே ஒரு மண்ணிறச் சுவர் அலுமாரி வந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி வந்தது. கண்ணாடிக்குள் யாரும் ஒருநாளும் தேநீர் குடிக்காத கோப்பைகள், பொம்மைகள், பிளாஸ்ரிக் ரோசாக்கள். அறையின் பாதியை அலுமாரிகள் எடுத்துக்கொள்ள, மனிதர்கள் பக்கவாட்டில் நடந்தார்கள்.

வீடு மாறும் நாளில்தான் அந்தக் கண்ணாடி அலுமாரியை முதல்தடவை சுவரைவிட்டு இழுத்தார்கள். பின்சுவர் கறுத்திருந்தது. தூசியின் கறுப்பல்ல. ஈரமான, மயிர் முளைத்த பூஞ்சணக் கறுப்பு. அதன் அடியில் அரிசிமாவும் தலைமயிரும் திரண்டு ஒரு உருண்டை கிடந்தது. பிரபாலினி கையுறையோடு அதைப் பிய்த்தாள். உள்ளே புழுக்கூடுகள். நடுவே மகள் லக்சாயினியின் பால்பல். பல் விழுந்த அன்று வீடு முழுக்கத் தேடியது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தோசப்பட வேண்டிய இடத்தில், ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள்.

வாடகை வீட்டைத் திருப்பி ஏற்க வந்த கட்டட நிர்வாகத்தின் ஆள் சுவரைப் படம் எடுத்தான். எடுத்துவிட்டுத் தன் விரல்களை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் துடைத்தான். அவன் சுவரைத் தொடவே இல்லை. அந்தத் துடைப்பை மறக்க முடியவில்லை என்கிறாள் பிரபாலினி. ஊர் முழுக்க மற்றவர்களின் ஊத்தையைத் துடைப்பவள் அவள். அவளுடைய வீட்டில் நின்று ஒருவன் கையைத் துடைத்தான்.

புது வீடு துன்னிலேயே, மூன்றாம் மாடி. அலுமாரிகள் எதுவும் அங்கே வரவில்லை. அவள் ஒரு தீர்மானத்தோடு போனாள்: இந்த வீட்டில் கீழே பார்க்க முடியாத ஒன்றும் இருக்கக்கூடாது. கால் உயர்ந்த கட்டில்கள். சுவரில் பூட்டும் பலகைகள். பழைய சாமான் விற்கும் ப்ரோக்கி கடையில் ஒரு பீச் மர மேசையும் இரண்டு நீள வாங்குகளும் எடுத்தாள். ஏதோ மூடப்பட்ட உணவகத்தினுடையவை. வாங்கு என்பது ஒரு பலகை, நாலு கால், கால்களை இணைக்கும் ஒரு சட்டம், வேறொன்றும் இல்லை. மெத்தையில்லை, பொத்தானில்லை, பூவில்லை. ஆயிரம் பேர் உட்கார்ந்து எழும்பியதில் விளிம்புகள் மழுங்கி வழவழத்திருந்தன. ஒரு கையால் தூக்கலாம். நாலு பேர் இருக்கலாம், நெருங்கினால் ஐந்து. செய்தவன் அதில் இருக்கிறவனைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் துடைத்தாள். ஒரே இழுப்பு. குனிந்து பார்த்தாள். சுவர் தெரிந்தது.

ராசா வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றான். அவன் ஒரு பெரிய பாண் தொழிற்சாலையில் அடுப்புப் பகுதியில் நிற்கிறான். மா படிந்த கண்ணிமைகளோடுதான் வீட்டுக்கு வருவான். வெறும் தரையையும் வெள்ளைச் சுவரையும் அந்த வாங்குகளையும் பார்த்தான்.

"காம்ப் மாதிரிக் கிடக்கு" என்றான்.

அவன் சும்மா சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் அகதியாக வந்தபோது அவனை முதலில் போட்டது நிலத்துக்குக் கீழே இருந்த ஒரு பாதுகாப்பு அறையில், அதுதான் காம்ப். யன்னல் இல்லை. இரும்புக் கட்டில்கள் அடுக்கடுக்காக, நடுவில் ஒரு நீள மேசை, இரண்டு பக்கமும் வாங்கு. சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். தாயின் படத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தான். அங்கிருந்து வெளியே வந்தபோது அவனுக்குள் ஒரே ஒரு ஆசை இருந்தது: சாமான் நிறைந்த வீடு. கால் வைக்க இடமில்லாத அளவுக்குச் சாமான். வெற்றிடத்தைப் பார்த்தால், எந்த நேரமும் யாராவது வந்து எழும்பு, பையை எடு என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு.

பிரபாலினிக்கு இது தெரியும். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து தெரியும். அதனால்தான் இவ்வளவு காலமும் அலுமாரிகளைப் பொறுத்தாள். ஆனால் அந்த மயிருருண்டைக்குப் பிறகு அவளால் முடியவில்லை. இந்த ஒரு அறை வெறுமையாக இருக்கட்டும் என்றாள். அவன் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். ஊஸ்டரில் இருந்து ராசாவின் அக்கா ஜெயகௌரி வருவா, வில் நகரில் இருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுவீட்டில் பால் பொங்கியதும் மூத்த அக்காதான் முதலில் போய்ப் பெரிய கதிரையில் இருக்க வேண்டும். இருந்து படம் எடுக்க வேண்டும். அந்தப் படம் வட்ஸ்அப்பில் லண்டன், ரொறன்ரோ எல்லாம் சுற்ற வேண்டும். ஜெயகௌரியை வாங்கில் இருத்திப் படம் எடுத்து அனுப்புவதை நினைக்கவே ராசாவுக்குக் கூசியது.

விழாவுக்கு இரண்டு நாளைக்கு முன்னர் வீட்டு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. பிரபாலினி பல்கனியில் இருந்து எட்டிப் பார்த்தாள். ராசாவும் சிந்துஜனும் இன்னும் இரண்டு பேரும் தங்கநிறமான ஏதோ ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

சிந்துஜன் வில்லில் இருக்கிறான். மண்டப அலங்காரம் அவனுடைய தொழில். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு, பிறந்தநாள் எதுவென்றாலும் பூ வளைவும் மின்விளக்கும் மேடைச் செற்றியும் கொண்டுவந்து இறக்குவான். சூரிச்சில் இருந்து பேர்ண் வரை அவன் அலங்கரிக்காத மேடை குறைவு. புதுச் செற்றி எடுத்துவிட்டதால் பழையதை விற்றிருக்கிறான். வாங்கியவன் ராசா.

அது லிஃப்டுக்குள் போகவில்லை. படியால் ஏற்றினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ராசாவின் கை வழுக்கி, செற்றியின் முன்காலில் செதுக்கியிருந்த சிங்கப் பாதத்தின் ஒரு விரல் கைப்பிடி இரும்பில் அடிபட்டு உடைந்தது. தங்கத்துக்குள் இருந்து வெள்ளைச் சாந்து தெரிந்தது. ராசாவுக்கு முகம் வாடிவிட்டது. இருந்தாலும் அறைக்குள் கொண்டுவந்து வைத்ததும், மூச்சிரைக்க நின்று, குழந்தையைப் போலச் சிரித்தான். எங்கள் பிள்ளை இருந்த சிம்மாசனம் இது என்றான். உண்மைதான். லக்சாயினியின் சாமத்தியவீட்டில், ஊஸ்டர் மண்டபத்தில், அவளை இதில்தான் இருத்தினார்கள். வாழ்க்கையிலேயே தான் பணக்காரனாக உணர்ந்த ஒரே நாள் அது என்று அவன் அடிக்கடி சொல்வான்.

பிரபாலினி பார்த்தது வேறு. சிவப்பு வெல்வெட், பொத்தான் வைத்து அமுக்கிய குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஏதோ ஒன்று: வாழ்த்தித் தூவிய அறுகரிசி, மினுக்கத்தூள், கேக் கிறீம் காய்ந்த படலம். கை வைக்கும் இடத்தில் வெல்வெட் வழித்துப்போய்த் தோல் மாதிரிப் பளபளத்தது. எத்தனையோ மணப்பெண்களின் வியர்வை. குங்குமமும் தலைக்கு அடிக்கும் ஸ்பிறேயும் புளித்த ரோஸ்மில்க்கும் கலந்த ஒரு வாடை. சுற்றிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே தங்கமும் இல்லை, வெல்வெட்டும் இல்லை. சாக்குத் துணி, துருப்பிடித்த கம்பிப் பின்கள், கிழிசலுக்குள் மஞ்சளாய்ப் பொருமிய பஞ்சு. மேடையில் பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? படத்துக்காகச் செய்த கதிரை. இருப்பதற்காகச் செய்ததில்லை. இருந்து பார்த்தபோது முதுகுக்கு ஒரு சிங்கத்தின் மூக்கு குத்தியது.

அவள் சண்டை பிடிக்கவில்லை. பால் காய்ச்சும் நாள் முடியட்டும், பிறகு இதை வெளியே எடுப்போம் என்றாள். பார்ப்போம் என்றான் ராசா. இருவருக்கும் தெரியும், அது வெளியே போகாது. உள்ளே வந்த எதுவும் அந்தக் குடும்பத்தில் வெளியே போனதில்லை. இரண்டு வருடத்தில் அதற்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மேசை வரும். பிறகு ஒரு அலுமாரி. அவளுடைய வெறும் அறை போய்விடும்.

விழாவன்று காலை, வருகிறவர்கள் அதில் இருக்கப்போகிறார்களே என்று, செற்றியைத் துடைக்க உட்கார்ந்தாள். வெல்வெட்டைத் துணியால் துடைத்தால் ஊத்தை இடம் மாறுமே தவிரப் போகாது. ஹோட்டலில் பழக்கியபடி ஒரு பிளாஸ்ரிக் அட்டையை எடுத்துத் தையல் விளிம்புக்குள் விட்டு இழுத்தாள். அட்டையின் நுனியில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. மிளகுத்தூள் மாதிரி. ஈரக் கடதாசியில் ஒற்றினாள். புள்ளிகள் மண்ணிறமாய்ப் பரவின. கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைக் குழிக்குள் பிடித்தாள். பொத்தானுக்குக் கீழே, அறுகரிசியோடு அறுகரிசியாக, தட்டையாக ஒன்று அசைந்தது. கடதாசியால் அமுக்கினாள். வெடித்தது. இரத்தம்.

யாருடைய இரத்தம் என்று யோசித்தாள்.

ராசாவைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கடதாசியைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கதவைச் சாத்தினான். ஜெயகௌரி பேர்ணில் ரயில் மாறிவிட்டா, வில் ஆட்கள் காரில் பாதி வழி வந்துவிட்டார்கள். இப்போது அதைப் படியால் இறக்கவும் முடியாது. இறக்கினால் கட்டடம் முழுக்கப் பூச்சி கொட்டும்.

"இண்டைக்கு மட்டும் வாயைத் திறவாதையும், பிரபா. சனம் வந்து போகட்டும்."

"சனம் சும்மா போகாதப்பா. இதையும் கொண்டுதான் போகும்."

 வீடு மாறும்போது மெத்தைகளை மூடிய பெரிய பிளாஸ்ரிக் உறைகள் மிச்சம் இருந்தன. அவள் அவற்றை எடுத்துவந்து செற்றிக்கு மேலாலும் கீழாலும் போர்த்தி, ஒட்டுநாடாவால் சுற்றிச் சுற்றி ஒட்டினாள். ஒரு எறும்பு போக இடம் விடவில்லை. சிங்கங்கள் பிளாஸ்ரிக்குக்குள் இருந்து பல்லைக் காட்டின. பிறகு உடுப்பு முழுவதையும் கழற்றிப் பையில் கட்டி, நெருப்புச் சூட்டுத் தண்ணீரில் குளித்துவிட்டு, சேலை கட்டிக்கொண்டு வந்து பாலை அடுப்பில் வைத்தாள்.

ஆட்கள் வந்தார்கள். புதுவீட்டுக்கு வரும் கூட்டம் எப்போதும் ஒரே ஒழுங்கில் நகரும்: முதலில் யன்னல், பிறகு குளியலறை, பிறகு குசினி அலுமாரிக் கதவுகளைத் திறந்து மூடுதல், கடைசியில் பெரிய அறை. பெரிய அறைக்கு வந்ததும் எல்லாருடைய முகமும் ஒருமாதிரிப் போனது. வாங்குகளைப் பார்த்தார்கள். ஜெயகௌரி ஒரு வாங்கைக் கால் நுனியால் தட்டினா.

"இதென்னடி பிரபா, தவறணை வாங்கு மாதிரி? என்ர தம்பி கள்ளு விக்கப் போறானோ?"

சனம் சிரித்தது. ராசாவும் சிரித்தான், மற்றவர்களுக்குப் பிறகு. தம்பித்துரை அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வருத்தக்காரர். மெத்தைச் செற்றியில் இருந்தால் எழும்ப இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நேராகப் போய் வாங்கில் இருந்தார்.

பிறகு எல்லாரும் செற்றியைப் பார்த்தார்கள். பிரபாலினி கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தாள். பிளாஸ்ரிக்கைப் பற்றி என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று காலையில் இருந்து யோசித்து வைத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. பாராட்டினார்கள். நல்ல சாமானை இப்படித்தான் மூடி வைக்க வேண்டும் என்றார்கள். தங்கள் வீட்டுச் செற்றிக்குக் கடையில் போட்ட உறையை இன்னும் கழற்றவில்லை என்று ஒருத்தி சொன்னாள். கழற்றியதால் பாழாய்ப்போன கதையை இன்னொருத்தி சொன்னாள். ஒட்டுநாடா ஒட்டியிருந்த நேர்த்தியை ஜெயகௌரி விரலால் தடவிப் பார்த்து, ஹோட்டல் வேலை வீண்போகவில்லை என்றா.

பால் பொங்கியது. எல்லாரும் தொலைபேசியைத் தூக்கினார்கள். ஜெயகௌரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு செற்றியை நோக்கி நடந்தா. பிரபாலினி குறுக்கே போய் நின்றாள். வாங்கில் இருங்கள் மச்சாள் என்று மெதுவாகச் சொன்னாள்.

தூக்கிய தொலைபேசிகள் இறங்கின. மூத்த மச்சாளைப் பெரிய கதிரையில் இருக்கவேண்டாம் என்பதைவிடப் பெரிய அவமதிப்பு அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஜெயகௌரி பிரபாலினியைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தா. ராசா தரையைப் பார்த்தான்.  அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று பிரபாலினி காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.

"நான் இருந்தா உங்கட சிம்மாசனம் தேஞ்சு போமோ?" என்று ஜெயகௌரி கேட்டா. கேட்டுக்கொண்டே பிளாஸ்ரிக்கின் ஒரு மூலையில் நகத்தை வைத்து ஒட்டுநாடாவைக் கிளப்பினா. "மூடி வைக்கிற சாமானெண்டா என்னத்துக்கு எங்களைக் கூப்பிட்டனீங்கள்?"

"மச்சாள், கையை எடுங்கோ. அதுக்குள்ள மூட்டைப்பூச்சி."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கோபம் என்று நினைத்துச் சொல்லைக் கேட்காமல் விட்டிருப்பார்கள். ஜெயகௌரியின் கை பிளாஸ்ரிக்கிலேயே நின்றது. அந்த நகத்துக்குக் கீழே, சூட்டைத் தேடி, பிளாஸ்ரிக்கின் உட்பக்கத்தில் ஒன்று ஊர்ந்து போனது. எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்த நிமிடம் எழுந்த சத்தம் பேச்சில்லை, துணியை உதறும் சத்தம். சேலைகள், வேட்டிகள், பிள்ளைகளின் சட்டைகள். யாரோ வாயில் இருந்த வடையைக் கையில் துப்பினார்கள். இருந்த எல்லாரும் எழும்பினார்கள். தம்பித்துரை அண்ணை மட்டும் வாங்கில் இருந்தபடியே, தான் அப்போதே சரியான இடத்தில் இருந்துவிட்டதாகச் சொன்னார்.

எங்கே எடுத்த செற்றி என்று ஒருவர் கேட்டார். சிந்துஜனுடைய மேடைச் செற்றி என்று ராசா கடைசியில் வாயைத் திறந்து சொன்னான். அதற்குப் பிறகுதான் உண்மையான அருவருப்பு வந்தது. தொலைபேசிகள் ஏற்கெனவே கையில் இருந்தன. சனம் படங்களைத் தேடியது. கலியாணப் படம், சாமத்தியப் படம், அறுபதாம் பிறந்தநாள். ஒவ்வொன்றிலும் சிவப்பு வெல்வெட், தங்கச் சிங்கம். அந்த அறையில் நின்ற எல்லாருடைய பிள்ளைகளும் அதில் இருந்திருக்கிறார்கள். எல்லாரும் அதில் இருந்து எழும்பி, அதே உடுப்போடு, தங்கள் கட்டிலில் போய் விழுந்திருக்கிறார்கள்.

ஜெயகௌரி தன் முழங்கையைச் சொறிந்தா. சொறிந்துவிட்டு, சொறிந்ததை எல்லாரும் பார்த்துவிட்டதைக் கண்டு நிறுத்தினா. மாதக்கணக்காக அவ வீட்டில் எல்லாருக்கும் கடி. உடுப்புத் தோய்க்கும் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி, மூன்று வகைத் தூள் மாற்றியிருந்தா.

அன்று சாப்பாடு மிஞ்சியது. அவ்வளவு சாப்பாடு மிஞ்சிய விழா அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் நடக்கவில்லை.

பிரபாலினி அடுத்த நாளே வேலைக்குப் போகாமல் ஹோட்டல் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் உள்ளதைச் சொன்னாள். இந்தப் பூச்சியை ஹோட்டலுக்குள் கொண்டுவந்தது அவள் என்று ஆனால் வேலை போகும். சொல்லாமல் விட்டுப் பிறகு தெரிந்தாலும் போகும். சொல்வதால் நித்திரை கொள்ளலாம் என்றாள். வீடு சோதித்து முடியும்வரை வீட்டில் நின்று, பிறகு வேலைக்கு வரச் சொன்னார்கள்.

பூச்சி பிடிக்கும் நிறுவனத்தில் இருந்து ஒரு பெண் நாயோடு வந்தாள். மோப்ப நாய். ஈரமான கறுப்பு மூக்கை வைத்து வாங்குகளின் கீழ், கட்டில்களின் கீழ், பலகைகளின் கீழ் என்று போனது. முகர்வதற்கு அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. செற்றிக்கு முன்னால் போய் உட்கார்ந்து குரைத்தது. வேறெங்கும் உட்காரவில்லை. இப்படி எல்லா வீடும் இருந்தால் நாய்க்கு வேலை இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். அதே நாய் ஊஸ்டரில் ஜெயகௌரியின் வீட்டுக்கும் போனது. அங்கே சுவர் அலுமாரியைக் கழற்றி, கம்பளங்களைச் சுருட்டி, குஷன்களைக் கிழித்து, கடைசியில் பிளாஸ்ரிக் உறை கழற்றாத செற்றியின் உறைக்கு அடியில் ஒரு குடியிருப்பையே கண்டுபிடித்தார்கள். ஜெயகௌரி தினமும் தொலைபேசி எடுத்து ஏசினா. முதலில் பிரபாலினியை, பிறகு தம்பியை, பிறகு சிந்துஜனை. ஒருநாள் பேச்சை நடுவில் நிறுத்தி, வேறு யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல, "அந்த வாங்கு எங்க எடுத்தனீ?" என்று கேட்டா.

செற்றியை எடுத்துப்போக சிந்துஜன் தானே வந்தான். மன்னிப்புக் கேட்டான். கழிவு எரிக்கும் நிலையத்துக்கு நேராகக் கொண்டுபோய் நெருப்பில் போடுவதாகச் சொன்னான். ராசா அவனோடு சேர்ந்து அதைப் பிளாஸ்ரிக்கோடு படியால் இறக்கினான்.

அன்றிலிருந்து ராசா வாங்கில் இருந்து சாப்பிட்டான். வேறு இடமில்லை. முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். பிரபாலினி அவனைப் பார்க்கமாட்டாள். பார்த்தால் அந்தப் பத்தொன்பது வயதுப் பெடியன் தெரிவான். தான் வென்றதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவன் துளைபோடும் மெசினோடும் ஒரு பலகையோடும் வந்தான். கட்டடத்தில் சத்தம் போடக்கூடாத மத்தியான நேரத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டான். வாசல் சுவரில் துளை போட்டு, மரக்கொழுக்கிகள் வைத்த அந்தப் பலகையைப் பூட்டினான். தாயின் படத்துக்கு இன்னொரு ஆணி. முடித்துவிட்டு, தன் மேற்சட்டையை ஒரு கொழுக்கியில் மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான். காம்பில் ஒரு ஆணிக்கு விடவில்லை என்றான். 

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தம்பித்துரை அண்ணையின் பேத்திக்குக் கலியாணம், வில்லில். அலங்காரம் சிந்துஜன்தான். முன்பணம் முதலே கொடுத்தாயிற்று. எல்லாம் புதுச் சாமான் என்று அவன் சத்தியம் பண்ணியிருந்தான். மண்டபம் நிறைந்த சனம். மேடையில் வெள்ளை. வெள்ளைப் பூ, வெள்ளைத் திரை, வெள்ளைத் தோல் போர்த்த செற்றி, வெள்ளிநிறச் சட்டம். சனம் வரிசையில் ஏறி, மணமக்களுக்கு இரண்டு பக்கமும் இருந்து படம் எடுத்து இறங்கியது. பிரபாலினியும் ராசாவும் வரிசையில் நின்றார்கள். படியில் ஏறும்போது பிரபாலினி வழக்கம்போலக் குனிந்து கீழே பார்த்தாள். வெள்ளிப் பூச்சுக்குள் ஒரு சிங்கக் கால். ஒரு விரல் இல்லை.

அவள் ராசாவின் கையைப் பிடித்து அமுக்கினாள். அவனும் பார்த்தான். அவன் உடைத்த விரல் அது. மறக்க மாட்டான். சிந்துஜன் தோலை மாற்றியிருக்கிறான், வர்ணத்தை மாற்றியிருக்கிறான். உள்ளே அதே பஞ்சு. அதன்மேல் மணப்பெண் இருந்தாள். அவளுடைய பட்டுச் சேலை சிங்கத்தின் மடியில் பரவியிருந்தது.

படப்பிடிப்பாளன் இருவரையும் இருக்கச் சொன்னான். ராசா இருக்கவில்லை. மேடையின் ஓரத்தில் மின்விளக்குக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்த சிந்துஜனிடம் போனான். சனம் என்னவோ ஏதோ என்று பார்த்தது. சிந்துஜன் சிரித்தபடி, எல்லாம் சூடேற்றிக் கொன்றது, ஒன்றும் இல்லை அண்ணை, சத்தம் போடாதேங்கோ என்று காதுக்குள் சொன்னான்.

"ஒண்டும் இல்லையெண்டா நீ இரு" என்றான் ராசா. "என்ர கண்ணுக்கு முன்னால, அந்த இடத்தில போய் இரு. நானும் பக்கத்தில இருக்கிறன்."

சிந்துஜன் செற்றியைப் பார்த்தான். கோட்டின் பொத்தானைத் தொட்டான். இருக்கவில்லை.

அவ்வளவுதான் தேவைப்பட்டது. முன்வரிசையில் இருந்த தம்பித்துரை அண்ணைக்கு விளங்கிவிட்டது. பேத்தியை எழும்பச் சொன்னார். ஜெயகௌரி மேடையில் ஏறி, மணப்பெண்ணின் சேலையை முந்தானையில் இருந்து கொய்யகம் வரை உதறினா. ராசா மேடையை விட்டு இறங்கி மண்டபத்தின் பின்பக்கம் போனான். அங்கே நகரசபையின் சாம்பல்நிறக் கதிரைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. இரும்புக் கால், ஒட்டுப்பலகை இருக்கை. இரண்டை இழுத்தான். ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பி, அடியில் கையை ஓட்டிப் பார்த்தான். தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சனத்தின் நடுவால் மேடைக்கு வந்து, வெள்ளைப் பூ வளைவின் கீழே வைத்தான்.

பிரபாலினி கைப்பையில் இருந்து ஈரக் கடதாசியை எடுத்து இரண்டு இருக்கைகளையும் துடைத்தாள். ஒரே இழுப்பு. கடதாசியைத் திருப்பி ராசாவுக்குக் காட்டினாள். அவன் தலையாட்டினான். மணமக்கள் அவற்றில் இருந்தார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் எல்லாவற்றிலும், பின்னணியில், யாரும் இருக்காத ஒரு வெள்ளைச் செற்றி தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் உடுப்பைப் பல்கனியிலேயே கழற்றிப் பையில் கட்டினார்கள். கொழுக்கியில் ஒன்றையும் மாட்டவில்லை.